சமைக்கத் தெரிந்தவருக்குச் சமையல் கல்லூரி எதற்கு?

கேள்வி: எனக்கு 38 வயது. தஞ்சாவூர்ப் பக்கம். பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்துக் கல்யாணமாகி கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட் வந்து பதினோரு வருடம் ஆகிறது. கணவர் ஹெச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த ஹெச்-4 விசா. ஈஏடி (வேலை அனுமதி அட்டை) கைக்கு வந்தபிறகு அக்கம்பக்கத்தாருக்குப் பொடி வகைகளும் புளிக்காய்ச்சலும் செய்துகொடுக்க ஆரம்பித்தேன். போன தீபாவளிக்கு எண்பது வீட்டுக்குப் போயிற்று. பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) கலினரி ஆர்ட்ஸ் என்ற சமையல் படிப்பில் சேரலாம் என்று ஆசை. "தெரிந்ததையே காசு கொடுத்துப் படிப்பானேன்?" என்கிறார் கணவர். "உன்னைப் படிக்கவைத்தது சமையல்காரி ஆவதற்கா?" என்கிறார் ஊரிலிருந்து அம்மா. படிப்பதென்றால் பெரிய செஃப் ஸ்கூலில் படி, கம்யூனிட்டி காலேஜெல்லாம் வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்கிறாள் தோழி. நாங்கள் சைவம், வீட்டில் முட்டைகூடக் கிடையாது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் சேரலாமா?

பதில்:

சேருங்கள். ஆனால் முதல் செமஸ்டரில் இரண்டே வகுப்பு: உணவுப் பாதுகாப்பு ஒன்று, அடிப்படைச் சமையல் ஒன்று. சர்டிஃபிகேட், டிகிரி, வேலை எல்லாவற்றையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த இரண்டு வகுப்பிலும் போய் நின்று பார்த்தால், நீங்கள் கேட்டிருப்பதில் பாதிக்கு உங்கள் காலும் இடுப்புமே பதில் சொல்லிவிடும்.

மீதியில் உங்கள் கணவர் கேட்டதுதான் நல்ல கேள்வி. கோபப்படாதீர்கள், இன்று சமையல் சொல்லிக்கொடுக்கும் நானும் அதே கேள்வியோடுதான் கம்யூனிட்டி காலேஜில் முதல் நாள் சமையல் வகுப்புக்குப் போனேன். அப்போது எனக்கு 36 வயது. தேவகோட்டையில் அப்பத்தாவின் அரிவாள்மணையில் ஏழு வயதிலிருந்து காய் நறுக்கியவள். வாசனையை வைத்தே மிளகாய் வறுபட்டதைச் சொல்லிவிடுவேன். எனக்கு இவர்கள் என்ன கற்றுக்கொடுத்துவிடப் போகிறார்கள்?

வெங்காயத்தைக் கொடுத்தார்கள். ப்ருன்வாஸ் நறுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் இருக்கும் சின்னச் சதுரம். நான் சரசரவென்று நறுக்கிக் குவித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வகுப்பில் நான்தான் முதலில் முடித்திருந்தேன். ஆசிரியை வந்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார், குவியலிலிருந்து பத்துத் துண்டைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். சரியான அளவில் இரண்டு இருந்தன. "மற்றது சூப்புக்கு ஆகும்" என்று சொல்லி, இன்னொரு வெங்காயத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அரிவாள்மணையில் கத்தி அசையாது, காய்தான் நகரும். செஃப் கத்தியில் காய் அப்படியே இருக்கும், கத்தி நகரும். காயைப் பிடிக்கிற கை விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, கத்தியின் பக்கவாட்டை விரல் கணுவில் உரசவிட்டபடி பின்னால் நகர வேண்டும். முப்பது வருடம் பழகிய கையைத் தலைகீழாகத் திருப்ப எனக்கு ஆறு வாரம் பிடித்தது. எதற்கு இந்த அளவு என்றால், சின்னத் துண்டு கருகுகிற நேரத்தில் பெரிய துண்டு பச்சையாக இருக்கும். வீட்டில் ஒரு வெங்காயத்துக்கு அது பெரிய விஷயமில்லை. 50 பவுண்டு மூட்டையை நாலு பேர் பிரித்துக்கொண்டு நறுக்கும்போது நாலு பேருடைய துண்டும் ஒன்றாக இருந்தால்தான் அது ஒரே பாத்திரத்தில் வேகும்.

கல்லூரி கற்றுக்கொடுப்பது இதைத்தான். ருசி உங்களிடம் இருக்கிறது. எண்பது வீட்டுக்காரர்கள் சும்மா வாங்கவில்லை. ஆனால் உங்கள் ருசி உங்கள் கையோடு ஒட்டியிருக்கிறது. நம் ஊரில் அதைக் கைமணம் என்று கொண்டாடுகிறோம். காய்ச்சல் என்று நீங்கள் படுத்துவிட்டால் அன்றைக்கு வத்தக்குழம்புப் பொடி கிடையாது. தொழில் சமையலறையில் நீங்கள் இல்லாத நாளிலும், உங்களைப் பார்த்தே இராத ஒரு இருபது வயதுப் பையன் அதே பொடியை அதே நிறத்தில் செய்ய வேண்டும். அதற்கு எடை, வெப்பநிலை, நேரம், வரிசை எல்லாம் தாளில் இருக்க வேண்டும். "கைப்பிடி உப்பு" என்று எழுதினால் யார் கை என்று கேட்பார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஊரில் கல்யாணச் சமையல்காரர் பந்திக்கு ஒரு மாதம் முன்னால் வந்து திண்ணையில் உட்கார்ந்து சாமான் லிஸ்ட் சொல்வாரே, நினைவிருக்கிறதா? ஐந்நூறு இலை என்றால் துவரம்பருப்பு இத்தனை கிலோ, புளி இத்தனை, தேங்காய் இத்தனை என்று மூச்சுவிடாமல் சொல்வார். எழுதுகிறவருக்குக் கை வலிக்கும். மிச்சமும் இருக்காது, போதாமலும் போகாது. அந்த லிஸ்ட்தான் இங்கே ஒரு செமஸ்டர் பாடம். அவர் இருபது வருடம் எடுபிடியாக இருந்து கற்றதை இங்கே பதினாறு வாரத்தில் பென்சிலும் கால்குலேட்டருமாக முடித்துவிடப் பார்ப்பார்கள். முழுதாக வராது. ஆனால் வழி தெரிந்துவிடும்.

செலவுக் கணக்கு வகுப்பைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலான மாணவர்களுக்குப் பிடிக்காத வகுப்பு அதுதான். உங்களுக்கு அதுதான் முதலில் பலன் தரும் என்று நினைக்கிறேன். இரண்டு டாலருக்கு ஒரு கட்டுக் கீரை வாங்குகிறீர்கள். ஆய்ந்தபின் எடை பாதியாகிறது என்றால் உங்கள் கீரையின் உண்மையான விலை அந்த எடைக்கு இரட்டிப்பு. மல்லி வறுத்தால் எடை குறையும், சலித்தால் கப்பி போகும். உணவகங்கள் பொதுவாக விற்பனை விலையில் மூலப்பொருள் செலவு 28 முதல் 35 சதவீதத்துக்குள் நிற்கப் பார்க்கும். மீதியில்தான் வாடகை, சம்பளம், கேஸ், உடைந்த தட்டு எல்லாம். உங்கள் புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கு விலை வைத்தபோது நல்லெண்ணெயைக் கணக்கில் சேர்த்திருப்பீர்கள். எண்பது வீட்டுக்காக நீங்கள் கண்விழித்த ராத்திரிகளைச் சேர்த்தீர்களா? மணிக்கு எவ்வளவு விழுந்தது என்று ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். நான் என்னுடையதைப் போட்டபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

உணவுப் பாதுகாப்பு வகுப்பில் உங்களுக்கு எல்லாரையும்விட ஒரு படி முன்னால் இடம். மைக்ரோபயாலஜி படித்தவருக்கு பாசில்லஸ் செரியஸ் என்ற, சோற்றில் வளரும் பாக்டீரியா யார் என்று அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பட்டப் படிப்பில் பெட்ரி தட்டில் பார்த்ததை இங்கே சோற்றுப் பானையில் பார்ப்பீர்கள். 41-லிருந்து 135 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அபாய எல்லை. வெந்த உணவை 135-லிருந்து 70-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 41-க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள்ளும் ஆறவைக்க வேண்டும். பத்து லிட்டர் சாம்பாரை மூடி போட்டு அடுப்பிலேயே விட்டால் விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். "காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்ற நம் வீட்டுச் சமாதானம் சோற்றிடம் செல்லாது. அந்தப் பாக்டீரியா விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆழமில்லாத தட்டில் பிரித்து ஊற்று, பனிக்கட்டித் தண்ணீரில் பாத்திரத்தை இறக்கு என்று கற்றுக்கொடுப்பார்கள்.

இட்லி மாவை மேடையில் வைத்துப் புளிக்கவிடுவதைச் சொன்னால் ஆசிரியர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். சண்டை போடாதீர்கள். பிஹெச் என்ன என்று அளந்து காட்டுங்கள் (புளிப்பு ஏற ஏற அந்த எண் குறையும்), அது 4.6-க்குக் கீழே இறங்கினால்தான் அவர்கள் கணக்கில் கவலை குறையும். மாவு புளிக்கப் புளிக்க மணிக்கொருமுறை அளந்து ஒரு படம் வரைந்து கொடுத்தீர்களானால் அந்த ஆண்டு முழுக்க உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என் மாணவி ஒருத்தி செய்தாள்.

பொடியின் லேபிள் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். எள்ளு 2023 ஜனவரி முதல் அமெரிக்காவில் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். இட்லிப் பொடியில் எள் இருந்தால் லேபிளில் எழுத வேண்டும். அதைவிட ஏமாற்றுவது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். "அரிசியும் பருப்பும்தான், க்ளூட்டன் இல்லை" என்று சொல்லிக் கொடுத்தீர்களானால், கோதுமையே ஆகாத ஒரு வீட்டுக்கு உங்களை அறியாமல் அதைக் கொடுத்தவராவீர்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் வீட்டில் செய்து விற்க 2013-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. உலர்ந்த பொடி மாதிரி கெடாத பொருள்களைக் கவுண்டியில் (மாவட்ட நிர்வாகத்தில்) பதிவு செய்துகொண்டு விற்கலாம். குளிரில் வைக்க வேண்டிய மாவு, சாம்பார் எல்லாம் வேறு கணக்கு. புளிக்காய்ச்சல் எந்தப் பக்கம் என்று உங்கள் கவுண்டி சுற்றுச்சூழல் சுகாதார அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இதுவரை கேட்கவில்லை என்றால் இந்த வாரமே.

இப்போது உங்கள் தோழி. அவர் சொல்வது இங்கே வந்த நம்மவர்கள் பலர் சொல்வதுதான். ஐஐடி, அண்ணா யுனிவர்சிட்டி என்று ஏணிப்படியாகவே கல்லூரிகளைப் பார்த்துப் பழகிவிட்டோம். சமையலில் அந்த ஏணி அப்படி நிற்காது. லாஸ் ஏஞ்சலஸ் ட்ரேட் டெக்னிக்கல் காலேஜில் 1927-லிருந்து சமையல் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரிய செஃப் ஸ்கூல் என்று பெயர்பெற்ற கலினரி இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா தொடங்கியதே 1946-ல்தான், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக. அது அருமையான பள்ளி, நான் குறை சொல்ல மாட்டேன். நாபா பள்ளத்தாக்கில் அதன் கிளையைச் சும்மா சுற்றிப் பார்க்கவே போகலாம். ஆனால் ஒரு வருடக் கட்டணம் மட்டும் 30,000 டாலரைத் தாண்டும்.

உங்கள் பக்கம் ஓக்லண்டில் லேனி காலேஜ், ப்ளெசன்ட் ஹில்லில் டயாப்லோ வேலி காலேஜ், பாலம் தாண்டினால் சிட்டி காலேஜ் ஆஃப் சான் ஃப்ரான்சிஸ்கோ என்று பல இடத்தில் சமையல் படிப்பு உண்டு. கலிஃபோர்னியாவாசிகளுக்கு யூனிட் (பாடத்தை அளக்கும் கணக்கு) ஒன்றுக்கு 46 டாலர். 30 யூனிட் சர்டிஃபிகேட் என்றாலும் 1,380. கத்திப் பெட்டி, கோட்டு, ஷூ, புத்தகம் என்று சில நூறு மேலே போகும். நான் சொன்ன இரண்டு வகுப்பும் சேர்ந்து எட்டு யூனிட் என்று வைத்தால் 368 டாலர். பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டாலும் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருக்கப்போவதில்லை. கம்யூனிட்டி காலேஜில் எனக்குப் பிடித்ததே அதுதான். தப்பான முடிவு என்று தெரிந்தபின் திரும்பி வர முடிகிற விலை.

அப்படித் திரும்ப முடியாமல் போனவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுப் பெயர் கொண்ட லெ கார்டன் ப்ளூ சமையல் பள்ளியின் அமெரிக்கக் கிளைகள் ஒரு காலத்தில் டிவியில் விளம்பரம் செய்து ஆள் சேர்த்தன. 2015 டிசம்பரில் எல்லாவற்றையும் மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. 2017-ல் கடைசிக் கிளையும் மூடியாயிற்று. இப்படிப்பட்ட தனியார் பள்ளி ஒன்றில் படித்த பையன் ஒருவன், என்னோடு அதே மேஜையில், அதே சம்பளத்துக்குக் காரட் சீவிக்கொண்டிருந்தான். என் கடன் பூஜ்யம். அவனுக்கு மாதா மாதம் சம்பளத்தில் கால்வாசி கடனுக்குப் போனது. காரட் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

கம்யூனிட்டி காலேஜில் குறை இல்லையா? நிறைய. அடுப்பு பழசாக இருக்கும். ஆள் சேரவில்லை என்று வகுப்பை ரத்து செய்வார்கள், உங்கள் சர்டிஃபிகேட் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பதிவு வரிசையில் கடைசி இடம். நான் படித்த இடத்தில் உலகச் சமையல் என்ற வகுப்பில் இந்தியாவுக்கு ஒரே ஒரு நாள்; அன்றைக்கும் டப்பா கறிப்பொடி. தாளிப்பதற்கு எண்ணெய் காய்வதற்குள் கடுகைப் போட்டுவிட்டு "பாருங்கள், வெடிக்கவில்லை" என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் அது தப்பு. நீங்கள் மூடிக்கொண்டிருக்காதீர்கள். சேருமுன் கேட்க வேண்டிய ஒன்று: அந்தப் படிப்புக்கு அமெரிக்கச் செஃப்களின் சங்கமான அமெரிக்கன் கலினரி ஃபெடரேஷன் அங்கீகாரம் இருக்கிறதா? இருந்தால் முடித்தவுடன் அவர்களுடைய முதல் நிலைச் சான்றுக்கு வழி சுலபம். இல்லாவிட்டாலும் படிப்பு கெட்டுப்போகாது. ஆசிரியர்கள் எந்தச் சமையலறையில் எத்தனை வருடம் நின்றவர்கள் என்று விசாரியுங்கள்.

விசா விஷயம். ஹெச்-4-ல் படிக்கத் தடையில்லை, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதும் இல்லை, மாறவும் வேண்டாம். இங்கே ஒரு வருடத்துக்கு மேல் வசிப்பதையும் இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் காட்டினால் ஹெச்-4-ல் இருப்பவர் கலிஃபோர்னியாவாசிக் கட்டணம் கேட்க முடியும். அட்மிஷன்ஸ் அலுவலக ஜன்னலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், "விசாவா, வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுவார். ரெசிடென்சி (கலிஃபோர்னியாவாசிதானா என்பதை) பார்ப்பவர் யார் என்று கேட்டு அவரிடம் போங்கள். மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உங்களுக்குக் கிடையாது. கடைசியில் ஒரு இன்டர்ன்ஷிப் இருக்கும். உணவகத்திலோ ஹோட்டலிலோ சில நூறு மணி நேரம். உங்களிடம் ஈஏடி இருப்பதால் சம்பளத்தோடு செய்யலாம். ஈஏடி இல்லாத ஹெச்-4 தோழிகள் இதைப் படித்தால், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்கூட வேலையாகக் கருதப்படலாம் என்பதை நினைவில் வைத்து வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், உங்களுக்கு ஏற்கெனவே பட்டம் இருக்கிறது. அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டத்துக்காக மறுபடி ஆங்கிலமும் வரலாறும் உட்கார்ந்து படிக்க அவசியமில்லை, சர்டிஃபிகேட் போதும்.

சைவம் என்று எழுதியிருந்தீர்கள். இதை மழுப்பாமல் சொல்கிறேன். பெரும்பாலான படிப்புகளில் இறைச்சி வகுப்பு கட்டாயம். முழுக் கோழியை எட்டுத் துண்டாக்க வேண்டும், மீனைச் செதில் எடுத்து முள்ளிலிருந்து சதையைப் பிரிக்க வேண்டும், கன்றின் எலும்பை வறுத்து எட்டு மணி நேரம் ஸ்டாக் (எலும்புச் சாறு) காய்ச்ச வேண்டும். மற்ற சாஸ்களுக்கெல்லாம் அடிப்படையான தாய்ச் சாஸ்கள் ஐந்து என்பார்கள். அதில் எஸ்பன்யோல் மாட்டெலும்பில் நிற்பது, ஹாலண்டேஸ் முட்டை மஞ்சள் கருவில் நிற்பது. விழுங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் ருசி பார்த்துச் சொல்ல, நீங்கள் நிறமும் பதமும் வெப்பமும் பார்த்து வேலையை முடிக்கலாம். ஜைன மாணவர் ஒருவர் என் வகுப்பில் அப்படித்தான் முழுப் படிப்பையும் முடித்தார். கரண்டியில் சாஸ் வழியும் விதத்தை வைத்தே உப்பைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிவிடுவார்.

ஆனால் தொட வேண்டும். குளிர்ந்த கோழியின் தோலுக்கடியில் விரல் நுழைந்து மூட்டைத் தேட வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை உங்களால் தாங்க முடியுமா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இப்போது தெரியாது. மனசு ஒப்பவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேக்கிங் பக்கம் போகலாமே என்று சொல்வார்கள். அங்கே முட்டை தட்டுத் தட்டாக உடைபடும், ஜெலட்டினும் வரும், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். முதல் செமஸ்டரில் அடிப்படை வகுப்பிலேயே கோழி வந்துவிடும். அதனால்தான் அதை முதலில் எடுக்கச் சொன்னேன்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்று: வளையலைக் கழற்ற வேண்டும். கல் வைத்த மோதிரமும் கூடாது. கல் இல்லாத கல்யாண மோதிரம் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. தாலிச் சங்கிலி கோட்டுக்குள் இருந்தால் யாரும் கேட்பதில்லை. மெட்டி ஷூவுக்குள் இறுக்கி உறுத்தும், நான் இரண்டாவது வாரமே கழற்றிவிட்டேன். மூக்குத்தியைப் பற்றி ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். உங்கள் மாமியார் போட்டுவிட்ட வளையல் என்றால் காலையில் கழற்றி வைக்க ஒரு டப்பாவும், வீட்டில் சொல்ல ஒரு பதிலும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றி: மாலை வகுப்புகளில் உங்கள் வயதுக்காரர்கள் நிறைய. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எனக்குப் பக்கத்து மேஜை. வயதைவிடப் பெரிய பிரச்சினை நேரம். லேப் வகுப்பில் ஒரு யூனிட் என்பது வாரம் மூன்று மணி நேரம். தாளில் நாலு யூனிட் என்று பார்த்தால் சின்னதாகத் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். பல இடங்களில் சமையலறை காலை ஏழுக்கே தொடங்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது யார் என்று இப்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

சம்பளத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்கில் தலைமைச் செஃப்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 58,920 டாலருக்குக் கீழே வாங்கினார்கள். தலைமைச் செஃப். லைனில், அதாவது அடுப்பு வரிசையில், நிற்கும் சமையல்காரர் அதைவிட வெகுவாகக் குறைவு. சான் ஃப்ரான்சிஸ்கோ சுற்றுவட்டார வாடகைக்கு அது போதாது. கணவர் சம்பளத்தில் வீடு ஓடுவதால்தான் நீங்கள் இதை யோசிக்கவே முடிகிறது, அதை ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. உணவக வேலை என்றால் வெள்ளி, சனி ராத்திரி உங்களுடையதில்லை. தீபாவளிக்கு லீவு கேட்டால் அது என்ன என்று கேட்பார்கள். உங்களுக்கு நான் வேறு இடங்களைச் சொல்வேன்: பள்ளி மாவட்டச் சமையலறை, மருத்துவமனை, டெக் கம்பெனி கேன்டீன். பெரும்பாலும் பகல் வேலை. இன்னொன்று, உணவு தயாரிக்கும் கம்பெனிகளில் புதுப் பண்டம் உருவாக்கும் பிரிவு. மைக்ரோபயாலஜியும் கத்திக் கையும் ஒரே ஆளிடம் இருப்பது அங்கே அபூர்வம். சாம்பார் பாக்கெட்டின் ஆயுள் ஒன்பது மாதமா பன்னிரண்டா என்று முடிவு செய்கிறவர்களுக்கு லைன் சமையல்காரரைவிட நல்ல சம்பளம்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? அவர் நினைப்பதைத்தான் அமெரிக்க அரசாங்கமும் வெகுநாள் நினைத்தது. 1976-ல் செஃப்கள் சங்கம் வாதாடி மாற்றும்வரை, தொழிலாளர் துறையின் தொழில் அகராதியில் தலைமைச் செஃப் என்பது ஏவல் வேலைகளோடு சேர்ந்துதான் இருந்தது. இப்போது நத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, திருச்சியில் அரசு ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரியில் படித்த விஜய் குமார், நியூயார்க்கில் நத்தைப் பிரட்டல் பரிமாறி 2025-ல் அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கியிருக்கிறார். அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பலாம்தான். நான் அனுப்ப மாட்டேன். ஒரு விஜய் குமாருக்குப் பின்னால் கை சுட்டுக்கொண்டு நிற்கும் ஆயிரம் பேர் இருக்கிறோம், நம்மைக் காட்டித்தான் அம்மாவைச் சம்மதிக்கவைக்க வேண்டும். என் அம்மா கடைசிவரை சொந்தக்காரர்களிடம் "காலேஜில் வேலை பார்க்கிறாள்" என்று மட்டும்தான் சொன்னார். என்ன காலேஜ், என்ன பாடம் என்று யாராவது கேட்டால் காபி போட எழுந்துபோய்விடுவார்.

அடுத்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. இந்தக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்களே நடத்தும் உணவகம் இருக்கும், மதியம் சாப்பாடு மலிவு. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சமையலறை தெரிகிற இடத்தில் உட்காருங்கள். தட்டில் வருவதைவிட, உள்ளே ஒருவர் பின்னால் போகும்போது "பிஹைண்ட்" என்று குரல் கொடுக்கிறாரா, கையில் சூடான பாத்திரம் இருந்தால் சொல்கிறாரா, பாத்திரம் கழுவுகிற இடம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குரல் இல்லாத சமையலறையில் யாருக்காவது காயம்படும். வெயிட்லிஸ்டில் பெயர் இருந்தாலும் முதல் நாள் வகுப்புக்குப் போய் நின்றுவிடுங்கள். இரண்டு மூன்று பேர் வராமல் போவது வழக்கம்.

கத்தி வாங்க அவசரப்படாதீர்கள், எது வேண்டும் என்று அவர்களே பட்டியல் தருவார்கள். முதலில் ஷூ வாங்குங்கள். எண்ணெய்த் தரையில் வழுக்காத அடி, முன்பக்கம் மூடியது, தோல். சாயங்காலம் கடைக்குப் போய் அளவு பாருங்கள். நின்று நின்று கால் வீங்கும்; காலையில் சரியாக இருந்த ஷூ பதினொரு மணிக்கெல்லாம் கடிக்க ஆரம்பித்துவிடும்.